உடைத்த பதினொரு ஓடுகள்

யூனிற் 2, மவுண்ட் ஆல்பர்ட்
12 மே 2025, திங்கள்

சம்பந்தியார் சோதிலிங்கம் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. உங்கள் யூனிற்றுக்கும் என் யூனிற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். விடியற்காலையில் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது.

நேற்று உங்கள் கராஜில் நடந்த மீற்றிங்கில் நான் எழும்பிக் கதைக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி மறித்தீர்கள். "சம்பந்தி, வாயாலை சொல்லுறது மினிற்ஸிலை ஏறாது. எழுத்திலை தாங்கோ" என்றீர்கள். கூரைக் கம்பனிப் பெடியன் சுலக்ஷன் சிரித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதப் போகிறாளா என்று நினைத்திருப்பீர்கள். பிடியுங்கள், எழுத்தில்.

போன வியாழன் எட்டாம் திகதி சுலக்ஷனின் ஆட்கள் இருவர் இலவசமாகக் கூரை பார்க்க வந்தார்கள். வளவில் என்னைத் தவிர எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மருத்துவரிடம் போயிருந்தீர்கள். நான் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். மேலே டொக் என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், ஒருவன் சுத்தியலில் காலுறையைச் சுற்றிக்கொண்டு ஓட்டைத் தட்டுகிறான். இரண்டடி நகர்கிறான், மறுபடி தட்டுகிறான். மற்றவன் பின்னால் வந்து படம் எடுக்கிறான். பதினொரு தட்டு எண்ணினேன். ஐந்து உங்கள் தலைக்கு மேலே, ஆறு என் தலைக்கு மேலே.

கழன்ற ஓட்டை இறுக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நேற்று நீங்கள் சுவரில் காட்டிய படங்களில் அதே ஓடுகள் பிளந்து கிடக்கின்றன. சித்திரைக் காற்றோடு வந்த ஆலங்கட்டி மழை உடைத்தது என்று சுலக்ஷன் சொல்கிறான்.

அன்று காற்று அடித்தது உண்மை. ஆலங்கட்டி விழவில்லை. விழுந்திருந்தால் என் கீரைப் பாத்தியில் ஒரு இலையாவது கிழியாமல் இருந்திருக்குமா? அடுத்த நாள் அந்தக் கீரையைத்தான் கடைந்து உங்களுக்கும் தந்தேன். "நல்ல பச்சை" என்று சொல்லிச் சாப்பிட்டீர்கள்.

இதை மீற்றிங் குறிப்பில், உங்கள் மினிற்ஸில், ஏற்றவும்.

புஷ்பவதி


யூனிற் 3
14 மே 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் பொடி கோப்பரேட் என்கிற நம் வளவுச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் கிடைக்கப்பெற்றேன். பதில் வருமாறு.

ஒன்று. ஆறு யூனிற்றுக்கும் இருப்பது ஒரே கூரை. அதற்கு ஐம்பது வயது. மாற்றுவதென்றால் ஆளுக்கு முப்பதாயிரம் டொலர் வரும். யூனிற் 5 பூங்கோதை கைக்குழந்தையும் மோட்கேஜ் கடனுமாக இருக்கிறாள். எங்கே போவாள்?

இரண்டு. இப்போது இன்சூரன்ஸ் முழுவதையும் கட்டும். நாங்கள் கட்டவேண்டிய முதல் பங்கைக்கூடக் கூரைக் கம்பனியே ஏற்கும். கொடுத்து வைத்த வாய்ப்பு இது.

மூன்று. சுலக்ஷன் வழியால் போகிற ஆள் அல்ல. எனக்குக் கணக்குப் படிப்பித்த வேலாயுதபிள்ளை வாத்தியாரின் பேரன். அவன் சொன்னான் என்பதற்காக மட்டும் நான் நம்பவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற அவனுடைய தாய்மாமனுக்குக் கோல் எடுத்து விசாரித்தேன். தாய் வழி, தகப்பன் வழி எல்லாம் சரி.

நான்கு. ஒன்பதாம் திகதியே நான் கையெழுத்து வைத்து அனுப்பியாகிவிட்டது. தாங்களும் வைத்திருக்கிறீர்கள். அன்று வாசலில் வைத்து வாங்கிய தாள் அதுதான். பிரதி இணைத்துள்ளேன்.

கூரை வேலையில் ஓட்டைத் தட்டித்தான் பார்ப்பார்கள். தேங்காய் வாங்கும்போது நீங்கள் தட்டுவதில்லையா? பெண்களுக்கு இது விளங்காது. விட்டுவிடுங்கள்.

சோதிலிங்கம்


யூனிற் 2
15 மே 2025

சம்பந்தியாருக்கு,

தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன். உடைந்தால் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். கடைக்காரன் தலையில் கட்டமாட்டேன்.

நீங்கள் இணைத்த பிரதியின் ஆங்கிலம் எனக்குக் கடினம்; பூங்கோதையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க ஐஸ்கட்டி மழை பெஞ்சதைக் கண்ணால பார்த்தேன்னு இதுல எழுதியிருக்கு. கோலிக்குண்டு சைஸாம். உங்க சீலிங்ல தண்ணி இறங்குச்சாம். கீழ உங்க கையெழுத்து. நெஜமாவா?"

கோலிக்குண்டை நான் கடைசியாகக் கண்டது என் தம்பி விளையாடின காலத்தில்.

அன்று நீங்கள் வாசலில் நின்று "ஒரு கையெழுத்து, சம்பந்தி" என்று தாளை நீட்டினீர்கள். மறுபடி ஏணி வைக்க அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தால் உங்களை நம்பவில்லை என்று ஆகிவிடும். பெண் கொடுத்த இடம். பேனையை வாங்கினேன், தாளைப் பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்தேன். சம்பளச் சீட்டைக்கூட வாசித்துப் பார்த்துத்தான் வாங்கியவள் நான்.

பிரதியோடு சேர்ந்து வந்த மற்றத் தாளையும் அவள் வாசித்தாள். நீங்கள் சுலக்ஷனோடு செய்த ஒப்பந்தம். கூரைக்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரம் போதும் என்று எங்களுக்குச் சொன்னீர்கள். இன்சூரன்ஸிடம் கேட்டிருப்பது நாலு இலட்சத்துப் பத்தாயிரம். நாங்கள் விலகினால் அதில் கால்வாசியை அவனுக்குக் கட்டவேண்டுமாம். இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்து கையெழுத்து வைத்தீர்களா, என்னைப் போல் பார்க்காமல் வைத்தீர்களா?

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பனியின் அசெசர் 23ஆம் திகதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார் என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீங்களே அந்தக் கோரிக்கையைத் திருப்பி எடுங்கள். எடுக்காவிட்டால் என் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டி வரும்.

புஷ்பவதி


யூனிற் 3
17 மே 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பதில் எழுதுகிறேன். கோபத்தில்தான்.

ஒன்பது வருடமாக ஒரு சதம் வாங்காமல் இந்த வளவைப் பார்க்கிறேன். குப்பைத் தொட்டி முதல் தண்ணீர்க் குழாய் வரை யார் பார்த்தது? இன்று நான் கள்ளன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? பொய்க் கோரிக்கை என்று இன்சூரன்ஸை வெட்டுவார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் வைத்திருக்குமா? முதலில் தெருவுக்கு வருவது உங்களுக்கு வாசித்துக் காட்டிய பூங்கோதைதான்.

அடுத்தது பார்த்தீபன். என் மகன், உங்கள் மருமகன். அவன் எல்லர்ஸ்லியில் எந்தக் கந்தோரில் வேலை செய்கிறான்? இன்சூரன்ஸ் கந்தோர். தகப்பன் பொய்க் கோரிக்கை போட்டவன் என்று தெரிந்தால் அவனை அந்தக் கதிரையில் வைத்திருப்பார்களா? லக்ஷிகா உங்கள் மகள் என்பதாவது நினைவிருக்கிறதா? பேத்தி அபிதாவின் பள்ளிக்கூடப் பரிசைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறீர்கள். அந்தப் பிள்ளையின் சோற்றில் மண் போடப் போவதும் நீங்கள்தான்.

ஒருவருக்கும் நட்டமில்லாத காரியம். இன்சூரன்ஸ் கம்பனி ஏழையா?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சோ.


யூனிற் 2
19 மே 2025

சம்பந்தியாருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நேற்று நடந்ததை நீங்கள் அறியத்தான் வேண்டும்.

மத்தியானம் சுலக்ஷன் வந்தான். கையில் மாம்பழப் பெட்டி, நெற்றியில் திருநீறு. கதவைத் திறந்தேன், உள்ளே கூப்பிடவில்லை.

"ஆச்சி, கோயிலுக்குப் போட்டு வாறன். உங்களை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு."

"ஆச்சி எண்டு கூப்பிட எனக்குப் பேத்தி இருக்கிறாள். நீர் வந்த விசயத்தைச் சொல்லும்."

சிரித்தான். மீற்றிங்கில் சிரித்த அதே சிரிப்பு. "வெள்ளிக்கிழமை அசெசர் வந்தால் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை ஆச்சி. இங்கிலிஷ் விளங்கேல்லை எண்டு தலையை ஆட்டினாக் காணும்."

"எனக்கு விளங்கும். ஆறுதலாய்ச் சொன்னால் விளங்கும்."

அப்போதுதான் சிரிப்பு நின்றது. "அப்ப இதையும் விளங்கிக் கொள்ளுங்கோ. அந்தத் தாளிலை இருக்கிறது உங்கடை கையெழுத்து. பொய் எண்டு நீங்கள் சொன்னால் முதல் பிடிபடுறது நீங்கள். நான் என்ன, கூரைக்காரன். எனக்குச் சொன்னதைத்தானே நான் எழுதினன். அங்கிள்தான் சொன்னவர்."

அங்கிள் என்றது உங்களை.

மாம்பழப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் திறக்கவில்லை, அப்படியே தூக்கி வந்து உங்கள் பக்கம் வைத்தேன். அது உங்கள் படியில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

வாத்தியாரின் பேரன் என்பது உண்மைதான் போலிருக்கிறது. கணக்கு நன்றாகத் தெரிகிறது.

மகளைப் பற்றி எழுதினீர்கள். அதை மட்டும் நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

புஷ்பவதி


யூனிற் 3
21 மே 2025

சம்பந்தி,

நேற்றுக் காலை ஏணி வைத்து ஏறினேன். எழுபத்தொரு வயதில் செய்யக் கூடாத வேலை. பூங்கோதை கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு "சார், இறங்குங்க சார்" என்று கத்தினாள்.

ஓடெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது. உடைந்த பதினொன்றிலும் உடைந்த இடம் மட்டும் புதுச் செங்கல் போலச் சுத்தமாக இருக்கிறது. எல்லாம் ஒரே வரிசையில், மரவள்ளி நட்டது போல, அளவாக. ஆலங்கட்டிக்கு அளவு தெரியுமா? நான் கூரையில் இருந்தபடியே கொஞ்ச நேரம் இறங்கவில்லை. இறங்க மனம் வரவில்லை.

சுலக்ஷனுக்கு எடுத்தேன். "அங்கிள், இப்ப பின்வாங்கினால் கால்வாசிக் காசுக்கு லோயரின்ரை கடிதம் வரும்" என்றான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கால்வாசி பற்றி நீங்கள் கேட்டீர்களே, நான் அதை வாசிக்கவில்லை. முதல் பக்கத்தை வாசித்தேன். பிறகு அவன் தாத்தாவின் பிரம்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கதையோடு கதையாக மற்றப் பக்கங்களில் கையெழுத்து வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முன்னறையில் மூன்று வருடமாக ஒழுகுகிறது. யாருக்கும் காட்டவில்லை. பார்த்தீபனையும் அந்த அறைக்குள் விடுவதில்லை. கூரைக்கென்று வருடா வருடம் காசு சேர்க்க வேண்டும் என்று வளவின் முந்தின மனேஜர் ஒவ்வொரு மீற்றிங்கிலும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்று தள்ளினேன். காசு கூட்டாத தலைவர் என்று எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்காகத் தள்ளினேன். கூரை போய்விட்டது. இனி ஆளுக்கு முப்பதாயிரம் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? அந்த நேரத்தில் வந்தான் இவன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டாம். காலை ரெயிலில் பாபகூராவுக்கு, உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. பார்த்தீபனுக்காகக் கேட்கிறேன்.

சோதிலிங்கம்


யூனிற் 2
22 மே 2025

சம்பந்தியாருக்கு,

கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. மறக்கவில்லை. உங்கள் முன்னறையில் வாளிக்குள் சொட்டுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். நீங்களாகச் சொல்லாததால் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பாபகூராவுக்கு நான் போகவில்லை. நான் ரெயிலில் இருந்தாலும் என் கையெழுத்து அந்தத் தாளில் இருக்கும். அது எனக்குப் பதிலாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்று தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன், ஆலங்கட்டி மழையை நான் காணவில்லை, சுத்தியலைக் கண்டேன், என் சீலிங்கில் தண்ணீர் இறங்கவில்லை. இவ்வளவுதான். பூங்கோதை அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். நீ இதில் தலையிட்டால் உன் வீட்டுக் கடனுக்கு ஆபத்து என்று அவளுக்கு முதலிலேயே சொன்னேன். "தெரியும்மா. பொய்க் கூரைக்குக் கீழ புள்ளைய வளர்த்தா மட்டும் தூக்கம் வருமா?" என்றாள்.

தாளை நீட்டியது யார் என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியவர் நீங்கள். நாளை பத்து மணிக்கு உங்கள் கதவு திறக்கும் என்று நினைக்கிறேன்.

புஷ்பவதி


மவுண்ட் ஆல்பர்ட்
24 மே 2025, சனி

சம்பந்தியாருக்கு,

போகச் சொன்னது என்னை. போனது நீங்கள்.

பாபகூராவில் உங்கள் சிநேகிதர் வீட்டில் நிற்கிறீர்கள் என்று லக்ஷிகா சொன்னாள். பூங்கோதைக்கு வேலை அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில். போகும் வழியில் இதைத் தருவாள். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அசெசர் வந்தார். ஒரு பெண்பிள்ளை, லக்ஷிகாவின் வயது இருக்கும். முதலில் உங்கள் கதவைத் தட்டினார். ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். தாளைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, என்னை ஒரு கேள்வி கேட்டார். வாசிக்காமல் கையெழுத்து வைத்த தாளை உங்களிடம் கொண்டு வந்தது யார்?

சம்பந்தி, அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மேல் கொஞ்சமும் இரக்கம் இருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். உங்கள் பெயர் நாக்கு நுனியில் நின்றது. மகளின் முகம் குறுக்கே வந்தது. "கொண்டு வந்தவரே உங்களுக்குச் சொல்லுவார்" என்றேன்.

"எப்போது?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். புதன் மாலை ஐந்து மணிக்கு முன் தலைவர் தானாகக் கோல் எடுத்துக் கோரிக்கையைத் திருப்பி எடுத்தால் ஒரு வழி இருக்கிறதாம். எடுக்காவிட்டால் மோசடி பார்க்கும் பகுதிக்குப் போகுமாம். அங்கே போனால் என்னையும் விசாரிப்பார்கள், உங்களையும் விசாரிப்பார்கள், வளவு முழுவதற்கும் இன்சூரன்ஸ் நிற்கும். சுலக்ஷனின் கம்பனிப் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். இது முதல் வளவு இல்லைப் போலிருக்கிறது.

அவருடைய நம்பர் இதற்குள் இருக்கிறது.

நான் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் புதன் ஐந்து மணிக்குப் பிறகு கேட்டால் சொல்லுவேன். உங்களுக்காக இனி ஒரு பொய்யும் என்னிடம் இல்லை.

புஷ்பவதி


பாபகூரா
27 மே 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

பூங்கோதை இன்று காலை, இரவு வேலையை முடித்துக்கொண்டு மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். "சார், பதில் இருக்கா?" என்றாள். இருங்கள் பிள்ளை, ஒரு கோல் எடுத்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். காருக்குள் போய் இருக்கிறாள். களைத்துப் போயிருக்கிறாள். அவளைக் காக்க வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருக்க முடியவில்லை.

அசெசருக்கு எடுக்க முதல் பார்த்தீபனுக்கு எடுத்தேன். அவனுக்கு நான்தானே முதலில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுகிற அறையையும் சொன்னேன். "அப்பா, மூண்டு வருசமாய் அந்த அறையைப் பூட்டி வச்சிருந்தது இதுக்குத்தானா? நான் வேறை ஏதோ எண்டெல்லோ நினைச்சன்" என்றான். நான் குடிக்கிறேன் என்று நினைத்தானாம், சம்பந்தி. மூன்று வருடமாக இருவரும் அதைக் கதைக்காமல் இருந்திருக்கிறார்கள், அவனும் லக்ஷிகாவும்.

தன் கந்தோரில் தானே போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னான். என்ன நடக்கும் என்று தெரியாது.

பிறகு எட்டரைக்கு அந்தப் பெண்பிள்ளைக்கு எடுத்தேன். கோரிக்கையைத் திருப்பி எடுக்கிறேன் என்றேன். தாளை நீட்டியது நான், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் நீட்டினேன், கையெழுத்து வைத்த உங்களுக்கு அது தெரியாது என்றேன். யாராவது வற்புறுத்தித்தான் எடுக்கிறீர்களா என்று கேட்டார். ஓம், பக்கத்து யூனிற் என்று சொல்ல வந்தது. இல்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொன்னார். தருவேன்.

இன்சூரன்ஸை வெட்டமாட்டார்கள் என்று அவரால் வாக்குத் தர முடியாதாம். சுலக்ஷனுடைய லோயரின் கடிதமும் வரும். கூரையும் அப்படியே இருக்கிறது. ஒன்றும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீற்றிங் கூட்டச் சொல்லி எல்லோருக்கும் எழுதுவேன். முப்பதாயிரத்தை நானே கேட்பேன். ஏசுவார்கள். நீங்களும் ஏசலாம். ஆனால் மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேசனில் இறங்கி அந்த வளவுக்குள் நடந்து வருவதை நினைத்தால்தான் கால் வருகுதில்லை. இன்னும் இரண்டு நாள் இங்கே நிற்கிறேன்.

சோதிலிங்கம்


யூனிற் 2
27 மே, பின்னேரம்

சம்பந்திக்கு,

பூங்கோதை கடிதத்தைத் தந்துவிட்டுப் படுக்கப் போனாள். இரவு வேலைக்குப் போய், நாளைக் காலை முடித்துக்கொண்டு வரும்போது இதைத் தருவாள்.

ஏச எனக்கு நிறைய இருக்கிறது. எழுத்தில் தரமாட்டேன். நேரில்தான்.

மத்தியானத்தில் இருந்து மழை. பார்த்தீபன் திறப்போடு வந்தான். இருவருமாக உங்கள் முன்னறையைத் திறந்தோம். சீலிங்கில் ஒரு பெரிய துண்டு இறங்கிவிட்டது. கட்டிலையும் புத்தகங்களையும் மற்றப் பக்கம் தள்ளிவிட்டோம். உங்கள் வாளி காணாது, நிரம்பி வழிந்தது. கல்யாண வீட்டுக்கு எடுக்கிற என் பெரிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதை நிறைந்தபின் தூக்கி ஊற்ற எங்கள் இரண்டு பேரால் முடியாது. மூன்றாவது ஆள் வேண்டும்.

இப்போது அரைவாசிக்கு வந்துவிட்டது. அண்டா நிறையுமுன் வாருங்கள்.

புஷ்பவதி